வம்சாவளி வரைபடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தாய்மாமன் 12 வயதில், பல் பிடுங்கியபின் இரத்தம் நிற்காமல் இறந்துபோனார். இப்போது என் அக்கா மகனுக்கு ஹீமோஃபிலியா, அதாவது இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், என்று உறுதியாகியிருக்கிறது. எனக்கு இரண்டு மகன்கள், ஒரு சிறு மகள். "பையன்கள் இருவருமே நன்றாக இருப்பதால் உன்னிடம் ஒன்றுமில்லை" என்கிறார் என் மாமியார். என் தாத்தா தன் அக்கா மகளையே மணந்தவர். அதனால் வந்த வினைதான் இது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மருத்துவமனையில் வரைந்து தந்த படம் எனக்குப் புரியவில்லை. அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்கும் ஆபத்து உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அந்தப் படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சதுரம் ஆண், வட்டம் பெண். உள்ளே கறுப்பாக நிரப்பியிருந்தால் நோய் உள்ளவர். குறுக்கே சாய்கோடு இருந்தால் இறந்தவர். கணவன் மனைவியைப் படுக்கைக்கோடு இணைக்கும். அதிலிருந்து இறங்கும் கோட்டில் பிள்ளைகள் மூத்தவரில் தொடங்கி இடமிருந்து வலமாக நிற்பார்கள். மேல் வரிசையில் உங்கள் தாத்தா பாட்டிக்கு நடுவே இரட்டைக்கோடு இருக்கும். அது இரத்த உறவுத் திருமணத்தின் குறி. அவர்களுக்குக் கீழே, சாய்கோடு விழுந்த கறுப்புச் சதுரம் உங்கள் மாமா. அம்புக்குறி காட்டும் கறுப்புச் சதுரம் உங்கள் அக்கா மகன். அவனைக் கொண்டுதான் குடும்பத்தின் கதை மருத்துவரிடம் போயிருக்கிறது.

உங்கள் அம்மாவின் வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருக்கும். நோய்க்கான மரபணுவைச் சுமந்தாலும் பெரும்பாலும் நோயாளியாக இல்லாத பெண்ணை, அதாவது கடத்தியை, அப்படிக் குறிப்பார்கள். அம்மாவின் உடன்பிறந்தவருக்கும் இருந்தது, அம்மாவின் மகள் வயிற்றுப் பேரனுக்கும் இருக்கிறது என்றால், நடுவில் நிற்கும் அம்மா வழியாகத்தான் அது இறங்கியிருக்க வேண்டும். இந்த மரபணு, மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ்; ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மாவிடம் உள்ள இரண்டு எக்ஸில் ஒன்றில்தான் குறை; அவற்றில் எது உங்களுக்கு வந்தது என்பதுதான் கேள்வி. ஆகவே நீங்கள் பிறந்தபோது உங்களுக்கிருந்த வாய்ப்பு சரிபாதி.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் நிலையில் 8 பெண்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 4 பேர் கடத்திகள், 4 பேர் அல்லர். கடத்தி அல்லாத நால்வருக்கும் இரண்டு பிள்ளைகளும் நலமாகவே பிறப்பார்கள். கடத்திகள் நால்வரில் ஒருவருக்கு மட்டுமே இருவரும் நலமாகப் பிறக்க வாய்ப்பு. ஆக, நலமான இரண்டு மகன்களைப் பெற்ற 5 தாய்மாரில் ஒருவர் கடத்தி. பாதியாக இருந்த உங்கள் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் மகளுக்கு அது பத்தில் ஒன்று.

உறவினர் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. உங்கள் தாத்தா, பாட்டியின் தாய்மாமனாக இல்லாமல் அயலாராக இருந்திருந்தாலும் உங்கள் மாமாவுக்கு இதே அளவு ஆபத்து இருந்திருக்கும். இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் குடும்பப் படத்திலும் இதைக் காணலாம். அவருடைய பேத்தி ஐரீன், பேரன் ஹைன்ரிக் இருவரும் மணந்துகொண்டு பெற்ற மூன்று மகன்களில் இருவருக்கு ஹீமோஃபிலியா. ஆனால் ஹைன்ரிக்குக்கு அந்த நோய் இல்லை. ஐரீனின் தாய் ஆலிஸ் வழியாக வந்த எக்ஸே காரணம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை போன்ற நோய்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்பதால், அங்கே இரட்டைக்கோட்டுக்குப் பொருள் உண்டு. உங்கள் படத்தில் அந்தக் கோட்டின்மீது குற்றமில்லை.

அண்ணன் மகளைப் பற்றி நிம்மதியாக இருங்கள். ஆணுக்கு ஒரே எக்ஸ்; அதில் இந்தக் குறை இருந்தால் நோயாகத் தெரிந்தே தீரும். அண்ணன் நலமாக இருக்கிறார் என்றால் மகளுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்டுக்கு நோய் இல்லாததால்தான் அவர் வழிவந்த பிரிட்டிஷ் அரச மரபு தப்பியது. மகள்கள் ஆலிஸ், பியாட்ரிஸ் வழியே அது ரஷ்ய, ஸ்பானிய அரண்மனைகளுக்குப் போனது.

இனி உங்களுக்கான பரிசோதனை. முதலில் அக்கா மகனின் இரத்தத்தில் மரபணு எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதே மாற்றம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தவியல் துறையில் இதற்கு வழி இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் காரணியின் அளவு இயல்பாக இருந்தால் மட்டும் கடத்தி அல்லர் என்று முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் அதையும் அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் கடத்திகளில் சிலருக்கும் அது குறைவாக இருந்து, மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரத்தப்போக்கு மிகும். உங்களிடம் மாற்றம் இல்லையென்றால் உங்கள் மகளுக்குப் பரிசோதனையே தேவைப்படாது.

கேள்வி: எனக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாது. அப்பாவுக்கும் அப்படித்தான். அவரிடமிருந்து வந்ததா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிறவியிலேயே இருக்கும் குறை என்றால், இல்லை. அப்பா உங்களுக்குத் தந்தது ஒய் குரோமோசோம். இந்தக் குறைக்கான மரபணு இருப்பது எக்ஸில்; அது அம்மா தந்தது. உங்கள் அம்மாவுக்கு இந்தக் குறை இல்லையென்றால் அவர் ஒரு கடத்தி; அப்பாவுக்கும் அதே குறை இருப்பது தற்செயல். அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமன்களுக்கோ இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் மகள்கள் எல்லாருக்கும் இந்த மரபணு போகும். மகன்களுக்கு உங்களிடமிருந்து போகாது.