உணவு ஆலையில் சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் மக்கும் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு, குறைவு என்று ஆலையில் அறிக்கை தந்திருக்கிறார்கள், நம்பிப் பாய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கிணறு வற்றியிருக்கும், குழாய் போட்டுத் தருவதாக ஆலையிலேயே சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. பாய்ச்சலாம். ஆனால் அந்த அறிக்கையில் சோடியம் எவ்வளவு என்று இருக்கிறதா பாருங்கள்.

எங்களுடையது உருளைக்கிழங்கு ஆலைத் தண்ணீர். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதிலேயே இருக்கும் என்பதால் முதல் வருஷம் பயிர் கருகருவென்று வந்தது, உரமும் மிச்சம். மூன்றாம் வருஷம் பாய்ச்சிய தண்ணீர் இறங்கவே இல்லை. இரண்டு நாள் கழித்தும் பாத்தியில் அப்படியே நின்றது. காய்ந்ததும் மேல்மண் ஓடு மாதிரி இறுகி, மேலே கறுப்பாக ஒரு படலம். ஒரு துண்டை விரலால் பெயர்த்தேன். அடியில் முளை வெளியே வர முடியாமல் வளைந்து, வெளுத்துக் கிடந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிழங்கின் தோலை எடுக்க அங்கே காஸ்டிக் சோடா போடுகிறார்கள், சோடியம் அதிலிருந்துதான் வருகிறது. சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் தின்றுவிடும், பி.ஓ.டி. இறங்கிவிடும். சோடியத்தை அவை தொடுவதில்லை. அது களிமண்ணில் இருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மண் கலைந்து துளையெல்லாம் அடைபடும். களர் என்கிறோமே, அதுதான். ஆலைக்கு எதிரி என்று என்னைத் திட்ட வராதீர்கள். நீராவியில் தோலுரிக்கும் ஆலைகளும் உண்டு, அங்கே இந்தத் தொல்லை குறைவு.

மின்கடத்துதிறன் (மொத்த உப்பு எவ்வளவு என்று காட்டும்), சோடியம் உறிஞ்சும் விகிதம் (கால்சியம், மெக்னீசியத்தோடு பார்த்தால் சோடியம் எவ்வளவு என்று காட்டும்) இரண்டையும் கேட்டு வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். மொத்த உப்பு குறைந்து சோடியத்தின் பங்கு மட்டும் கூடியிருந்தால் மண் இன்னும் சீக்கிரம் இறுகும். மண்ணையும் பாருங்கள். காய்ந்த கட்டி ஒன்றை ஒரு டம்ளர் மழைநீரில் கலக்காமல் போட்டு வையுங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கியிருந்தால் அந்த வயலுக்கு இந்தத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண் பரிசோதனைக்குப் போனது நான். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றார்கள். மண்ணை எடுத்துக் காயவைத்துப் பையில் கட்டிக் கொண்டுபோனவள் நான், அறிக்கை வந்தது என் கணவர் பெயரில். அவருக்கு எந்த வயலில் எடுத்தது என்றுகூடத் தெரியாது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

சரி, வயலுக்கு வருகிறேன். சோடியத்தைத் தள்ளக் கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு வடித்துக்கொண்டே இருக்கிறோம். மேற்குப் பக்கம் நான்கு பாத்தியில் இப்போது தண்ணீர் இறங்குகிறது.