கார் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் இறங்கிவிட்டால்

கார் ஜன்னல் ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, உள்ளே கரகரவென்று சத்தம், கண்ணாடி மட்டும் கதவுக்குள் விழுந்து கிடக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மோட்டார் மேல் சந்தேகம் வேண்டாம் நண்பரே. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கும்.

இனி அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள். தளர்ந்த கேபிள், அதைச் சுற்றி இழுக்கும் உருளையான டிரம்மில் நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்ளும். நான் ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று அழுத்தி அழுத்தியே டிரம்மையும் உடைத்தவன்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றுங்கள். கண்ணாடியை இரு உள்ளங்கைகளாலும் மேலே தள்ளி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். கையுறை அவசியம், பிரிந்த கம்பி இழை ஊசி மாதிரி விரலில் ஏறும்.

கேபிளை மட்டும் முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், நிற்காது. ரெகுலேட்டரை முழுதாக மாற்றுங்கள். மோட்டார் தனியாகக் கழலும் வகை என்றால் பழையதையே பூட்டிக்கொள்ளலாம், செலவு குறையும்.

அப்புறம், கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தைத் துடைத்து சிலிக்கோன் ஸ்ப்ரே அடியுங்கள், கிரீஸ் வேண்டாம். அங்கே இறுக்கம் இருந்தால் புதுக் கேபிளுக்கும் அதே கதிதான்.