2,000 ரூபாய் ஸ்டாம்ப் கீழக்கரைக்கு வந்து சேரும்போது விலை ஏன் ஏறிவிடுகிறது?

இங்கிலாந்திலிருந்து 2,000 ரூபாய்க்குப் பழைய சிலோன் ஸ்டாம்ப் வாங்கினால், 1,500 ரூபாய் தபால் செலவு போக, போஸ்ட்மேன் ஏன் தனியாக வரி கேட்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. தபால் செலவும் இன்சூரன்ஸும் சேர்த்துத்தான் மதிப்பு. விமானத்தில் வரும் பொருளுக்குத் தபால் செலவில் பொருள் விலையின் 20% வரைதான் சேர்ப்பார்கள். ஆக உங்களுக்கு மதிப்பு 2,400. கணக்கு புரிய, சுங்கவரி 10% என்று வைத்துக்கொள்ளுங்கள்: 240. அந்த வரித்தொகையின்மேல் 10% கூடுதல் தீர்வை: 24. எல்லாம் சேர்த்து 2,664. ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் போடும் ஜிஎஸ்டி வரி) இந்த 2,664-க்குத்தான், 2,400-க்கு அல்ல. அது 18% என்றால் 479.52. வரி மட்டும் 743.52 ரூபாய். உண்மையான விகிதம் பொருளின் வகையைப் பொறுத்து மாறும்.

ஆகவே ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து பொருளைச் சேர்த்து ஒரே உறையில் வாங்குங்கள். ஒரு பொருளுக்கான தபால் செலவு குறைந்தால் வரியும் குறையலாம்.

விற்பவர் "கிஃப்ட் என்று எழுதட்டுமா?" என்பார். வேண்டவே வேண்டாம். பொய் விவரம் பிடிபட்டால் பார்சல் முடங்கும். உண்மை விலையுள்ள பில் வெளியே ஒட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் அதிகாரி தாமே மதிப்புப் போடுவார். தனியார் கூரியரில் வரியோடு கையாளும் கட்டணமும் சேரும்.

நம் கடற்கரை ஈரத்தில் பசையுள்ள ஸ்டாம்ப் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான கிளாஸீன் தாள் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சங்கு, சிப்பி சேர்ப்பவர்கள் கவனிக்க: பவளப்பாறைத் துண்டு, நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு, ராட்சதச் சிப்பி மூன்றும் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சான்று இல்லாமல் வந்தால், வரி கட்டத் தயாராக இருந்தாலும் பொருள் கைக்கு வராது.