பல்லும் பானை ஓடும்

கேள்வி: எழுத்து எதையும் விட்டுச்செல்லாத பண்டைய மக்கள் எங்கே வளர்ந்தார்கள், எதை உண்டார்கள் என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்கிறார்களே, இது வெறும் ஊகம்தானே?

பதில்: ஊகம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு அடியில் அளந்தறிந்த சான்று இருக்கிறது. பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகிவிட்டால் எலும்பைப்போலப் பின்னர் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், அந்த வயதில் குடித்த நீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் இறந்த பின்னும் அதில் தங்கிவிடுகிறது. ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை; நீரில் ஆக்சிஜனின் இவ்வகைகளின் விகிதம் இடத்தின் தட்பவெப்பத்தைப் பொறுத்து மாறும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே 2002இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட வில்லாளி ஒருவரின் பற்களைச் சோதித்தபோது, அவர் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது. ‘இந்த ஊர்தான்’ என்று பல் சொல்லாது, தட்பவெப்பத்தைத்தான் சொல்லும்.

உணவைப் பொறுத்தவரை, எனக்கு வியப்பூட்டுவது பானை ஓடுதான். மெருகேற்றாத மண்பாண்டத்தின் நுண்துளைகளில் சமைத்த கொழுப்பு ஊறி, பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்கும். ஓட்டில் ஒரு சிறு துண்டைப் பொடித்து, கரைப்பானில் அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதன் கார்பன் ஐசோடோப்புகளைப் பார்த்தால், அது இறைச்சிக் கொழுப்பா, பால் கொழுப்பா என்று பிரித்தறியலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர், அனத்தோலியாவின் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) வடமேற்கில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே பால் பதப்படுத்தப்பட்டதை இவ்வழியில் காட்டி 2008இல் வெளியிட்டார்கள். பொடித்த துண்டு திரும்பக் கிடைக்காது என்பதால், எந்த ஓட்டைச் சோதிப்பது என்பதிலேயே ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடப்பதுண்டு.