மூலை மழுங்க விடாதீர்கள்

கேள்வி: தாத்தா கட்டியிருந்த செவ்வகத் தங்க வாட்ச் எனக்கு வந்திருக்கிறது. டயல் பழுப்பேறி, வெளிக்கூடான கேஸெல்லாம் கீறல். பாலிஷ் போட்டு, டயலுக்குப் புது பெயின்ட் அடித்துத் தருவதாக ரிப்பேர் கடையில் சொல்கிறார்கள். பத்தரோ, "இது 22 கேரட் இல்லை" என்கிறார். இதேபோல இன்னும் சில சேர்க்க ஆசை. "அந்தக் காசுக்கு ஒரு சவரன் வாங்கலாமே" என்கிறாள் மனைவி. என்ன செய்வது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, பாலிஷுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செவ்வக வாட்ச்சுக்கு அழகே அந்த நான்கு மூலையும் நேரான விளிம்பும்தான். பஃப் சக்கரத்தில் இரண்டு தடவை பிடித்தால் போதும், கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். மாயவரத்தில் நண்பர் ஒருவரின் வாட்ச்சை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த, தங்கத்தின் தரத்தைச் சொல்லும் 750 முத்திரையில் 7 மட்டும் பாதி மிஞ்சியிருந்தது. தேய்ந்த தங்கம் திரும்பி வராது.

டயலும் அப்படித்தான். பழுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மறுபடி எழுதிய டயலில் எழுத்து தடித்திருக்கும். மூலையில் நிமிடக் கோடுகள் சேருமிடத்தில் ஒன்றுக்கொன்று பிசகும். வாங்கப் போகும்போது முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பத்தர் சொன்னது சரி, ஆனால் அது குறையில்லை. 22 கேரட் மெத்தென்றிருக்கும், கேஸுக்குத் தாங்காது. அதனால் 18 கேரட் (750) அல்லது 14 கேரட்டில் (585) செய்வார்கள். 1995க்கு முந்தைய சுவிஸ் கேஸில் பெண் தலை முத்திரை இருந்தால் 18, அணில் இருந்தால் 14. மைக்ரான் கணக்கில் கனம் போட்டிருந்தால் அது வெறும் முலாம். உரைகல்லில் மட்டும் உரச விடாதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சவரனை எந்த நாளிலும் அன்றைய விலைக்கு மாற்றலாம், வாட்ச்சை அப்படி மாற்ற முடியாது. நகைக்கு எடுத்துவைத்த பணத்தைத் தொடாமல், கைச்செலவில் மிச்சம் பிடித்து வாங்குங்கள். மூன்று நான்கு போதும். 1917இல் உருவான கார்ட்டியே டேங்க், இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளுக்காக 1931இல் வந்த, கண்ணாடிப் பக்கத்தை உள்ளே திருப்பிக்கொள்ளும் ரிவர்ஸோ இரண்டும் கையைக் கடிக்கும் விலை. 1930-50களின் ஹாமில்டன், குரூயன், புலோவா வாட்ச்சுகளில் தங்கத் தகடு போர்த்தியவை உண்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள். பட்டு வேட்டி கட்டிய கையில், தோல் வாரோடு, மெல்லிசாக அவை உட்காரும் அழகே தனி!

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய செவ்வகக் கேஸ்கள் ஈரத்தைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டாதீர்கள். சித்திரையில் வியர்வையை உடனே துடைத்துவிடுங்கள். ஈரம் போக அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூசி உள்ளே போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.

இப்போதைக்கு வாட்ச்சைச் சுத்தம் செய்து ஆயில் போடச் சொன்னால் போதும். திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய மெக்கானிக்குகள் மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தேதியைக் கீறிவைப்பது வழக்கம். இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்தெந்த வருஷம் அதைக் கடைக்குக் கொண்டுபோனார் என்று தெரியும்.