கட்டமில்லாத கில்ட்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எடின்பரோவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உடன் பணியாற்றும் ஸ்காட்லாந்து நண்பர், தம் திருமணத்துக்கு என்னைக் கில்ட் (ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், கொசுவம் வைத்த ஸ்காட்லாந்து உடை) அணிந்து வரச் சொல்கிறார். எனக்கென்று அந்நாட்டுக் குலமும் இல்லை, குலத்துக்குரிய டார்ட்டன் என்னும் கட்டத் துணியும் இல்லை. ஒற்றை நிறக் கில்ட் அணிந்து போனால் யாரும் தவறாக எண்ணுவார்களா?
– ஒரு வாசகர், எடின்பரோ

பதில்: எண்ண மாட்டார்கள். இன்னார்தான் இன்ன டார்ட்டனை உடுத்தலாம் என்று சட்டம் ஏதும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், தொடர்பில்லாத ஒரு குலத்தின் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனால், "தாங்கள் அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு மாலை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். ஒற்றை நிறத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

ஒற்றை நிறக் கில்ட் நேற்று முளைத்த நாகரிகம் என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியன்று. 1859-இல் லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களைக் கொண்டு 'லண்டன் ஸ்காட்டிஷ்' என்னும் தொண்டர் படை உருவானபோது, அதன் தலைவரான எல்கோ பிரபு டார்ட்டனை ஒதுக்கிவிட்டு, 'ஹாடன் கிரே' எனப்படும் பழுப்புச் சாயலுள்ள சாம்பல் நிறத் துணியைத் தேர்ந்தெடுத்தார். யார் குலத்துக் கட்டம் என்ற பூசல் எழக்கூடாது என்பது ஒரு காரணம். மான் வேட்டைக்குப் போகிறவன் கண்ணில் படாத நிறத்தை உடுத்துவதைப் போலப் படைவீரனும் உடுத்த வேண்டும் என்பது மற்றொன்று. அயர்லாந்திலோ 'சாஃப்ரன்' கில்ட் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் பைப் வாசிப்போர் அதைத்தான் அணிகிறார்கள். பெயரில் குங்குமப்பூ இருந்தாலும், நறுக்கிய மஞ்சள் கிழங்கு காய்ந்து பழுப்பேறினால் வருமே, அந்த நிறம் அது. ஆகவே நீங்கள் ஒற்றை நிறத்தில் போய் நின்றால், அதற்கும் ஒரு வழிமுறை முன்பே உண்டு.

அழைப்பிதழில் கறுப்பு டை (அதாவது மாலை விருந்துக்குரிய முறையான உடை) என்று குறித்திருந்தால், ட்வீட் என்னும் கரடுமுரடான கம்பளித் துணி வேண்டாம். அது பகலுக்கும் மலைக்காட்டுக்கும் உரிய துணி. அப்போது கறுப்பிலோ கருநீலத்திலோ வழவழப்பான கம்பளிக் கில்ட்டும், மேலே பிரின்ஸ் சார்லி என்னும் குட்டையான விருந்துக் கோட்டும் பொருந்தும். அப்படி ஏதும் குறிக்காத பகல் திருமணம் என்றால், ட்வீட் கில்ட்டோடு ஆர்கைல் என்னும் எளிமையான கோட் அணிந்து, போ டைக்குப் பதிலாகச் சாதாரண டை கட்டிக்கொள்வது எனக்குப் பிடித்தமானது. மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் ஒரே துணியில் வாடகைக்கு எடுக்கிறார்களா என்பதை மட்டும் நண்பரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விருந்துக்குப் பின் 'கேய்லி' எனப்படும் ஸ்காட்லாந்துக் கூட்டு ஆட்டம் இருந்தால், தடித்த ட்வீட் நன்றாகவே வியர்க்க வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். ட்வீட் கில்ட் தைக்கக் கொடுக்கப் போவதாகவும், அதே துணியில் கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் தைத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்கிறான். அப்படி அணிவது உண்டா? துணித் தொழிலில் இருப்பவன் என்பதால், ட்வீடின் தன்மையைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தொழில் தெரிந்தவர் என்பதால் நூலிலிருந்தே தொடங்குகிறேன். நல்ல ட்வீடுக்கு, நூலாக நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். வெவ்வேறு நிறக் கம்பளியைக் கலந்து பிறகுதான் நூற்கிறார்கள். எனவே பத்தடித் தொலைவில் பாசிப் பச்சையாகத் தெரியும் துணியைக் கண்ணருகே கொண்டுபோனால், ஒரே இழைக்குள் மஞ்சளும், மங்கிய நீலமும், துருவின் செம்மையும், ஆங்காங்கே ஒரு வெள்ளைத் துளியும் தெரியும். 'ஒற்றை நிற ட்வீட்' என்பது தூரத்துப் பார்வைக்கு மட்டுமே ஒற்றை நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுப் பெருநிலக்காரர்கள் தங்கள் வேட்டைக் காவலர்களுக்காகத் தனித்தனி ட்வீட் நெய்வித்ததும் இதற்காகவே: சரிவில் நிற்கும் ஆள், அந்தச் சரிவின் புல்லோடும் பாறையோடும் கரைந்துவிட வேண்டும். ஹாரிஸ் ட்வீட் என்ற பெயருக்கு 1993-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி கம்பளிக்குச் சாயமேற்றி நூற்பதும், துணிக்கு முடிவேலை செய்வதும் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே நடக்க வேண்டும். நெசவோ தீவுவாசிகளின் சொந்த வீடுகளில் கைத்திறனால் நடக்க வேண்டும். துணியில் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மூன்றும் ஒரே துணியில் என்ற யோசனைக்கு வருவோம். அணிகிறார்கள், தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கரடுமுரடான பரப்பு வந்தால், சோபாவுக்கு உறை போட்டதுபோல் ஆகிவிடுகிறது என்பது என் கருத்து. கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் ஒரே ட்வீடாகவும், கில்ட் வேறொரு அடர்நிறமாகவும் இருக்கட்டும். அல்லது கில்ட் ட்வீடாக இருந்து, கோட் வழவழப்பான துணியில் அமையட்டும். எல்லாவற்றிலும் மோசமானது ஏறக்குறைய ஒத்துப்போகும் இரண்டு பச்சைகளை மேலும் கீழுமாக அணிவதுதான். ஒன்றைத் தேடிக் கிடைக்காமல் மற்றொன்றை வாங்கியதுபோல் அது தோன்றும். டைக்கும் முழங்காலுறைக்கும் நிறம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். கில்ட்டின் இழைக்குள் ஒளிந்திருக்கும் அந்தத் துரு நிறத்தை டைக்கும், மங்கிய நீலத்தை உறைக்கும் எடுத்துக்கொண்டால் போதும்.

தையலைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமான டார்ட்டன் கில்ட்டுக்கு 8 கஜம் துணி போகும். தடித்த ட்வீடில் அத்தனை கஜத்தையும் பின்புறம் மடித்தால், கொசுவம் திண்டுபோல் எழும்பி நிற்கும். அதனால் 4 அல்லது 5 கஜத்தில் பெட்டி மடிப்பாகத் தைத்துக்கொள்வது நல்லது. உட்காரும் முன் பின்பக்கத்து மடிப்புகளைக் கையால் தடவிப் படியவைத்துவிட்டு உட்காரும் பழக்கத்தையும் அவர் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இணையத்தில் கறுப்புக் கில்ட் ஒன்று வாங்கினேன். அணிந்து பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளின் பாவாடை போல் இருக்கிறது. குறை துணியிலா, என்னிடமா?
– ஒரு வாசகர், மான்செஸ்டர்

பதில்: இரண்டிலும் கொஞ்சம் இருக்கலாம். நம்மவர்கள் வேட்டிப் பழக்கத்தில் கில்ட்டையும் இடுப்பெலும்பின்மேல் கட்டிவிடுகிறார்கள். அதன் இடம் தொப்புள் உயரம். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். முதலில் தூக்கிக் கட்டிப் பாருங்கள். அப்போது உயரம் குறைந்து தொடை தெரிந்தால், அது உங்கள் அளவே அல்ல.

துணி மெல்லிய பாலியஸ்டர் கலவையாக இருந்தால், அதில் கனம் இராது. நடக்கும்போது பின்மடிப்புகள் ஊசலாடாமல் சும்மா தொங்கும். டார்ட்டனில் கட்டங்கள் கண்ணை இழுத்துக்கொள்வதால் சிறு தையல் பிழைகள் மறைந்துவிடும். கறுப்பிலோ ஒவ்வொரு மடிப்பின் கோடும் தனியே தெரியும். உள்ளதை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், கனமான கம்பளி ஸ்வெட்டர், கருஞ்சாம்பல் முழங்காலுறை, ஒரே நிறத் தோலில் பெல்ட்டும் ஸ்போரனும் (கில்ட்டின் முன்னால் தொங்கவிடும் பை) ஷூவும் என்று சேர்த்துப் பாருங்கள். வெள்ளை உறையைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளிச் சாயலைத் தருவதில் பாதிப் பங்கு அதற்கே.

கேள்வி: கில்ட் ஊசியை எங்கே குத்துவது? காலுறையில் செருகும் கத்தியை விமானத்தில் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி (கணவருக்காக), லண்டன்

பதில்: முன்பக்கத்து மேல் மடலின் வலது கீழ் மூலையில், மேல் மடலில் மட்டும் குத்துங்கள். உள் மடலையும் சேர்த்துக் குத்தினால் நடையில் துணி கிழியும். 'ஸ்கீயன் டூ' எனப்படும் அந்தக் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், பெட்டியில் போட்டுச் சரக்காக ஒப்படைத்துவிடச் சொல்லுங்கள். வலக்கைக்காரர் அதை வலது காலுறையில் செருகுவது வழக்கம்.

கேள்வி: ட்வீட் கில்ட்டைத் துவைக்கலாமா?
– அதே வாசகி

பதில்: வாஷிங் மெஷினில் போடவே கூடாது; கம்பளி சுருங்கி, மடிப்புகள் உருக்குலைந்துவிடும். அணிந்த மறுநாள் காற்றாட மாட்டி, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் பெரும்பாலும் போதும். இஸ்திரி போடும் முன் மடிப்புகளைத் தளர்வாக நூலோட்டி நிறுத்திவிட்டு, ஈரத்துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். கோடைக்கு எடுத்து வைக்கும்போது, அந்துப்பூச்சிக்குப் பயந்து போடும் பாச்சை உருண்டை துணியில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் வாடை கம்பளியை விட்டு எளிதில் போகாது.