பாதி ஊற்றியதும் அடைக்கும் சிர்கோனியா ஃபில்டர்

உருகிய எஃகை அச்சில் ஊற்றும்போது கசடைப் பிடிக்கும் சிர்கோனியா (பீங்கான்) ஃபில்டர் பாதியில் அடைக்கிறது என்றால், பெரிய துளை ஃபில்டருக்கு இப்போதே மாற வேண்டாம். முதலில் எஃகில் போடும் அலுமினிய அளவைப் பாருங்கள். எஃகு உறைந்து அடைப்பதென்றால் வழக்கமாக ஊற்றத் தொடங்கியதுமே அடைத்துவிடும். உங்களுக்குப் பாதி அச்சு நிரம்பிய பிறகுதானே ஓட்டம் மெலிகிறது? பெரும்பாலும் அலுமினாதான் (அலுமினிய ஆக்சைடு) காரணம். ஆக்சிஜனை நீக்கப் போடும் அலுமினியம் அலுமினாத் துகளாகி, துளைச் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

ஆறியதும் ஃபில்டரை உள்ளிருக்கும் எஃகோடு குறுக்கே அறுத்துப் பாருங்கள். உலோகம் நுழையும் பக்கம் வெண்சாம்பல் படிவு திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகமே இல்லை. துளைகளில் வெறும் எஃகுதான் என்றால் ஊற்றும் வெப்பநிலை போதவில்லை.

எஃகில் கால்சியம் சேர்த்தால் அலுமினா ஒட்டாத திரவத் துளிகளாகும், சரி. ஆனால் கந்தகம் அதிகமுள்ள எஃகில் கால்சியம் சல்பைடு உருவாகி அதுவும் அடைக்கும்.